தெரியுமா, தோணுதா?

ஒரு ஆளைப் பழி வாங்கணும்னு நான் ஒன்பது வருஷம் காத்துக்கினு இருந்தேன். மறக்கணும்னு ஒரு நாள் கூட நெனச்சதில்ல. காத்தால ஆரம்பாக்கம் ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கும்போது அவன் மூஞ்சி ஞாபகம் வரும். மத்தியானம் கேன்டீன்ல சாம்பார் சாதத்தைப் பிசையும்போது வரும். அவன் கை கால் ஒடியணும்னு நான் எந்தச் சாமியையும் கேக்கல. நாலு பேரு முன்னால, அவன் வாயால, ஒரே ஒரு வார்த்தை வரணும்னு கேட்டேன்: 'தெரியாது.' அந்த வார்த்தையை அவன் என் வாயிலேர்ந்து புடுங்கினான். அதையே நான் அவன் வாயிலேர்ந்து புடுங்கணும். அவ்ளோதான் ஆசை.

நான் வேலை செஞ்சது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில ஒரு பிரஸ் ஷாப். தகட்டை வெச்சா மேலேர்ந்து டைன்னு ஒரு இரும்பு அச்சு எறங்கி, ஒரே அடியில வண்டிக்கான பாகமா வெட்டித் தள்ளும். நான் லைன் இன்ஸ்பெக்டர். பேருதான் இன்ஸ்பெக்டர், கையில அளவு பாக்கிற ஒரு கேஜ், காதுல பஞ்சு, அதோட முடிஞ்சுது என் அதிகாரம். வர்ற பீஸை கேஜுல வெச்சுப் பாப்பேன். உள்ள போனா பாஸ், போகலேன்னா ரிஜெக்ட்.

மூணாவது பிரஸ்ஸை ஓட்டினவ என் சிநேகிதி. பழவேற்காடு ஏரிப் பக்கம் ஒரு குப்பத்துக்காரி. வலையில மாட்டின நண்டை, ஊர்க்கதை பேசிக்கினே, கொடுக்கு படாம கழட்டிப் போடுவா. சின்ன வயசுலேர்ந்து ஒரு நண்டு கூடத் தன்னைக் கடிச்சதில்லேன்னு பெருமை வேற. அந்தக் கையைத்தான் பின்னால 'கவனக்குறைவு'ன்னு பேப்பர்ல எழுதினானுங்க.

காத்தால ஆறு மணிக்கு ஷிப்ட். ஒவ்வொரு மிஷின்லயும் அட்டையில கிளிப் போட்டு ஒரு செக்லிஸ்ட் தொங்கும். ஏழு கேள்வி. எண்ணெய் இருக்குதா, போல்ட்டு டைட்டா இருக்குதா, அந்த மாதிரி. நாலாவது கேள்வி, சென்சார் வேலை செய்யுதா. டைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கம்பம் நிக்கும். நடுவுல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடும். கை குறுக்க போனா பிரஸ் எறங்காம அப்படியே நின்னுடும். அதைச் சோதிக்கிறதுக்கு ஒரு குச்சி, மிஷின் பக்கத்துலயே கயித்துல கட்டித் தொங்கும். குச்சியை உள்ள நீட்டி, பிரஸ் நிக்குதான்னு பாத்துட்டு, அப்புறம் டிக் போடணும். இது எழுதி வெச்ச முறை. நடந்தது இன்னான்னா, ஏழு டிக்கையும் ஒரே இழுப்புல போட்டுட்டு அடுத்த மிஷினுக்குப் போய்க்கினே இருப்போம். குச்சி மேல தூசி படிஞ்சு கெடக்கும். நான் மட்டும் இல்ல, எல்லா லைன்லயும் எல்லாரும் அப்படித்தான். குச்சியை நீட்டிக்கினு நின்னா மிஷின் நிக்கும், மிஷின் நின்னா சூப்பர்வைசர் கத்துவான்.

எங்கிட்ட எப்பவும் பேனா இருக்காது. எங்கயாவது தொலைச்சுட்டு வருவேன். அதனால முதல்ல மூணாவது மிஷினாண்டதான் போவேன். அவ சட்டைப் பாக்கெட்டுலேர்ந்து பேனாவை எடுத்து நீட்டுவா. மூடியைக் கடிச்சுக் கடிச்சுத் தட்டையாக்கி வெச்சிருப்பா. "இன்னாடி, பேனா இல்லாத இன்ஸ்பெக்டரு!"ன்னு தினமும் அதே கிண்டல். அங்கியே நின்னு ஏழு டிக்கை இழுத்துட்டு, பேனாவையும் கொண்டு போய் மத்த மிஷினெல்லாம் முடிச்சுட்டு, திருப்பிக் குடுப்பேன்.

ஒரு திங்கக்கிழமை, மூணாவது பிரஸ்ஸோட எலக்ட்ரிக் பெட்டி தொறந்து கெடந்துச்சு. உள்ள ரெண்டு முனைக்கு நடுவுல ஒரு துண்டு செவப்பு ஒயர். எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். "சென்சாரை பைபாஸ் பண்ணி வெச்சிருக்குதுக்கா. சும்மா சும்மா மிஷினை நிறுத்துது, டார்கெட் வரல, சூப்பர்வைசர் போடச் சொன்னாரு"ன்னான். அப்படின்னா அந்த ரெண்டு கம்பமும் சும்மா பொம்மை. கை உள்ள போனாலும் அடி எறங்கும். அவளாண்ட சொன்னேன். "தெரியும்டி. சனிக்கிழமையிலேர்ந்தே நிக்காமத்தான் ஓடுது. இன்னா பண்ணச் சொல்ற?"ன்னா. ரெண்டு பேருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியும். செவ்வாய், புதன், வியாழன், மூணு நாளும் நாலாவது கேள்விக்கு நான் டிக் போட்டேன்.

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு, தகடு கோணலா உக்காந்துச்சுன்னு கையை உள்ள உட்டா. வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போச்சு. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வேன்ல நானும் கூடப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தப்போ எலக்ட்ரிக் பெட்டி மூடியிருந்துச்சு. தொறந்து பாத்தேன், செவப்பு ஒயர் இல்ல. குச்சியை நீட்டினா பிரஸ் டக்குன்னு நிக்குது. அந்தக் குச்சியைக் கூட எவனோ துணி போட்டுத் தொடச்சு வெச்சிருந்தான். அடப்பாவிங்களா, ரத்தத்தைக் கழுவுறதுக்கு முன்னாடி குச்சியைத் தொடச்சிருக்கீங்களேன்னு நெனச்சுக்கினேன். வாயைத் தொறந்து யாராண்டயும் சொல்லல.

கட்டு பிரிக்கிறதுக்கு முந்தியே அவளுக்குக் கம்பெனியிலேர்ந்து சார்ஜ் ஷீட் வந்துச்சு. சென்சார் நல்லா வேலை செஞ்சுதாம், இவதான் கம்பத்துக்குப் பக்கவாட்டுல கையை உட்டு, பாதுகாப்பை ஏமாத்தினாளாம். கம்பெனிக்குள்ளயே விசாரணை. எழுதுறதுக்கு வெளியிலேர்ந்து ஒரு வக்கீல் வந்து உக்காந்துக்கினார். கேள்வி கேட்டது எங்க பெர்சனல் மேனேஜர். நான் முதல்ல சொன்ன ஆளு அவன்தான். தலையெல்லாம் படிய வாரி, மெதுவா, மரியாதையா பேசுவான். கத்தவே மாட்டான். கத்தியிருந்தா எனக்குப் பதிலுக்குக் கத்த வந்திருக்கும்.

முதல்ல அவளைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நான் வெளிய பெஞ்சில உக்காந்துக்கினு இருந்தேன். உள்ள இன்னா கேட்டாங்க, இவ இன்னா சொன்னான்னு எனக்குக் கேக்கல. அப்புறம் அவ சாட்சியா என்னைக் கூப்பிட்டாங்க. ஒயரைப் பாத்தேன்னு சொன்னேன். சென்சார் வேலை செய்யலேன்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன். அவன் சிரிச்சான்.

"ஒயரை எப்போ பாத்தீங்கம்மா?"

"திங்கக்கிழமை சார்."

"விபத்து வியாழக்கிழமை. நடுவுல யாராவது அதை எடுத்திருக்கலாமில்லையா?"

"யாரும் எடுக்கல சார்."

"எடுக்கலேன்னு தெரியுமா, தோணுதா?"

பதிலுக்குக் காத்திருக்காம அவனே அடுத்ததைக் கேட்டான்.

"செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டியைத் தொறந்து பாத்தீங்களா? இல்ல. புதன்கிழமை? இல்ல. புதன்கிழமை ராத்திரி ஷிப்ட்ல யாரோ ஒருத்தர் எடுத்துப் போட்டிருக்கலாம். நடக்கவே நடக்காதுன்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமா?"

"முடியாது சார். ஆனா..."

"ஆனா வேண்டாம்மா. வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு ஒயர் இருந்துச்சுன்னு தெரியுமா, தோணுதா?"

அப்புறம் அந்த அட்டையை எடுத்து என் முன்னால வெச்சான். வியாழக்கிழமை, மூணாவது மிஷின், நாலாவது கேள்வி, என் டிக். "இது நீங்க போட்டதுதானே? பாத்துட்டுத்தானே போட்டீங்க?"

நீங்களே சொல்லுங்க. பாக்காம போட்டேன்னு சொன்னா அன்னிக்கே என்னை ஊட்டுக்கு அனுப்பிடுவான். பொய் டிக் போட்ட இன்ஸ்பெக்டரை இந்தப் பேட்டையில வேற எவன் சேத்துப்பான்? என் சம்பளத்துலதான் ஊடு ஓடுது. அவ எதிர்ல உக்காந்துக்கினு இருந்தா, கட்டுப் போட்ட கையை மடியில வெச்சுக்கினு. நான் அவளைப் பாக்கல.

"பாத்துட்டுத்தான் போட்டேன் சார்."

"அப்போ ஒயர் இருந்துச்சுன்னு..."

"தெரியாது சார்."

வக்கீல் எழுதினார். 'சாட்சிக்குத் தெரியாது.' கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். அவளால பேனா புடிக்க முடியாது. இடது கைக் கட்டைவிரலை உருட்டி வெச்சாங்க. பத்து நாள்ல அவளை வேலையை உட்டுத் தூக்கினாங்க. ஒரு வேலை போனா இன்னொண்ணு தேடலாம். ஆனா 'கவனக்குறைவு'ன்னு பேரோட சேத்து எழுதிட்டா எந்தக் கேட்டுலயும் உள்ள உட மாட்டானுங்க. அவ லேபர் கோர்ட்டுல கேஸ் போட்டா. கேஸ் நடந்துக்கினே இருந்துச்சு. அவ ரோட்டோரமா உக்காந்து நண்டு வித்தா.

நான் வேலைக்குப் போய்க்கினு இருந்தேன். போகாம இன்னா பண்ணுவேன்? ஆனா அந்த மேனேஜருக்கு ஒரு வைத்தியம் ஆரம்பிச்சேன். அவன் எதைக் கேட்டாலும் 'தெரியும்'னு சொல்றதில்லேன்னு முடிவு பண்ணினேன். "கம்பெனி பஸ் வந்துடுச்சாம்மா?"ன்னு கேப்பான். பஸ்ஸு கண் முன்னால நிக்கும். "வந்த மாதிரி தோணுது சார்." "இன்னிக்கு எத்தனை பேரு லீவு?" "அஞ்சு பேரு இருக்கலாம்னு தோணுது சார், உள்ள வந்துட்டு ஒளிஞ்சுக்கினு இருந்தா எனக்குத் தெரியாது சார்." மூஞ்சியைப் பச்சைப் புள்ளை மாதிரி வெச்சுக்கினு சொல்லுவேன். அவன் பேஜாராகிக் கத்தணும், அதான் என் கணக்கு. அந்த மடையன் இன்னா பண்ணினான் தெரியுமா? இந்தப் பொண்ணு தனக்கு நிச்சயமா தெரிஞ்சதை மட்டும்தான் பேசும்னு எல்லார்கிட்டயும் பாராட்டிப் பேசி, எனக்கு சீனியர் இன்ஸ்பெக்டர் பதவி குடுத்தான். பழி வாங்கப் போய் பிரமோஷன் வாங்கினவ இந்த உலகத்துல நான் ஒருத்திதான் இருப்பேன். அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டேன்னு எழுத ஆசை. கிழிக்கல. வாங்கிக்கினேன்.

அந்தப் பதவியில மேல போகணும்னா ஒரு டிகிரி வேணும்னு சொன்னாங்க. தபால்ல படிக்கச் சேந்தேன். எந்தப் பாடம்னு கேட்டதுக்கு, ஃபாரம் குடுத்தவர் தத்துவம் எடுங்க, கூட்டம் இல்ல, ஈஸியா பாஸ் பண்ணலாம்னார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பெரியபாளையம் வழியா பஸ் புடிச்சு திருவள்ளூருக்கு வகுப்புக்குப் போவேன். பாடம் எடுத்தது கடம்பத்தூர்லேர்ந்து ட்ரெயின்ல வர்ற ஒரு மேடம். என்னைவிட நாலஞ்சு வயசு சின்னது. ஒரு நாள் கையைத் தூக்கிக் காட்டி, "இது கைன்னு எனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. கனவு கண்டுக்கினு இருக்கலாம், ஏதோ ஒரு மாயம் நம்மளை ஏமாத்திக்கினு இருக்கலாம், அப்படி இல்லேன்னு நிரூபிக்க முடியாது, அதனால கை இருக்குதுன்னு கூட நமக்குத் தெரியாதுன்னு சொல்ற ஒரு கட்சி இருக்குதுன்னாங்க. அதுக்குப் பேரு சந்தேகவாதம்.

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. கோர்ட்டும் இல்ல, கம்பெனியும் இல்ல, இங்கியும் அதே ஆளு வந்து உக்காந்துக்கினான்னு தோணுச்சு. எழுந்து நின்னேன்.

"மேடம், என் சிநேகிதிக்கு ரெண்டு விரல் இல்ல. இல்லாத விரல் அரிக்குதுங்கிறா. அரிக்குதுன்னும் அவளுக்குத் தெரியுது, சொறிய விரல் இல்லேன்னும் தெரியுது. இந்தச் சந்தேகத்தையெல்லாம் அவளாண்ட போய்க் கேக்கச் சொல்லுங்க அந்தக் கட்சிக்காரனை."

வகுப்பே சிரிச்சுது. மேடம் சிரிக்கல. "உக்காருங்க, அதுக்குத்தான் வர்றேன்"னாங்க. இன்னொரு கட்சி இருக்குதாம். அவங்க சொல்றது, 'தெரியும்'ங்கிற வார்த்தைக்கு ஒரே அளவு கிடையாது. டீக்கடையில 'அஞ்சு மணி பஸ் இருக்குது, எனக்குத் தெரியும்'னு ஒருத்தர் சொன்னா அது உண்மைதான். ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு அதே பஸ்ஸைச் சொல்லணும்னா அந்த அளவு பத்தாது, போன் பண்ணிக் கேட்டாதான் தெரியும்னு சொல்லலாம். எல்லாமே கனவா இருக்கலாம்னு ஒருத்தன் கெளப்பி உட்டான்னா, அவன் முன்னால எதுவுமே தெரியாதுன்னு ஆயிடும். அதுக்காக டீக்கடைக்காரர் பொய் சொன்னார்னு ஆகாது. வாக்கியம் அதேதான், சொல்ற இடம் மாறினா அளவு மாறுது.

இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகல. இது டாலரன்ஸ், எவ்ளோ கோணல் வரைக்கும் உடலாம்னு ஒரு வரம்பு. டப்பா மூடிக்கு ஒரு டாலரன்ஸ், பிரேக் பாகத்துக்கு ஒரு டாலரன்ஸ். மூடியில பாஸான கோணல் பிரேக்ல ரிஜெக்ட். ரெண்டும் சரிதான். ஆனா ஒண்ணு, அதை டிராயிங்லயே போட்டிருப்பாங்க. பீஸை அடிச்சு முடிச்சப்புறம், ஆளைப் பாத்து, டாலரன்ஸை மாத்த மாட்டாங்க.

"அளவை யாரு வெக்கிறது மேடம்?"ன்னு கேட்டேன்.

"பேசுறவங்க."

"பேசுறவங்கன்னா யாரு? கேக்கிறவனா, பதில் சொல்றவளா?"

அதை அசைன்மென்ட்டா எழுதச் சொன்னாங்க. பஸ்ஸுல திரும்பி வரும்போது ஜன்னலோரம் உக்காந்து யோசிச்சுக்கினே வந்தேன். வயலுக்கு அந்தாண்ட ஒரு கோயில் கோபுரம் தெரிஞ்சுது. பாருங்க, அதுக்கும் தெரியுதுன்னுதான் சொல்றோம். நம்ம பாஷையில தெரியுறதுன்னா பாடுபட்டுக் கண்டுபுடிக்கிறது இல்ல, எதிர்ல நிக்கிறது. அந்த செவப்பு ஒயர் எனக்குத் தெரிஞ்சுது. எவனோ நடுவுல ஒரு திரையைக் கட்டி, இப்போ தெரியுதான்னு கேட்டான்.

அப்போதான் அந்த மேனேஜர் பண்ணின திருட்டுத்தனம் எனக்கு வெளங்குச்சு. ரெண்டு கேஜ் வெச்சிருந்தான். என் கண்ணுக்கு ஒரு கேஜ், மயிரிழை கூட உள்ள போகாது. நடுவுல யாரோ எடுத்திருக்கலாமேன்னு ஒரு பேச்சு வந்தாலே ரிஜெக்ட். என் டிக்குக்கு இன்னொரு கேஜ், மாட்டு வண்டியே உள்ள போகும். அந்த டிக்கைப் பாத்துட்டுத்தான் போட்டாளான்னு அவன் சந்தேகமே படல. அங்க மட்டும் ஏன் 'பாக்காம போட்டிருக்கலாமே'ன்னு தோணல? ஏன்னா அவனுக்குத் தெரியும், கம்பெனியில எல்லாருக்கும் தெரியும், எவளும் குச்சியை நீட்டுறதில்லேன்னு. அந்தப் பொய்யைத் தெரிஞ்சே தாயத்து மாதிரி கட்டிக்கினான்.

அசைன்மென்ட்டுல இதையெல்லாம் எழுதினேன். அளவை வெக்கிற உரிமை நாற்காலியில உக்காந்தவனுக்கா, நின்னுக்கினு இருக்கிறவளுக்கான்னு முடிச்சேன். மேடம் ஓரத்துல பச்சை மையில எழுதியிருந்தாங்க: 'இதற்கு எனக்கும் பதில் தெரியாது.' அந்த வார்த்தையை ஒருத்தங்க அசிங்கப்படாம எழுதி நான் பாத்தது அதுதான் முதல் தடவை.

அதுக்கப்புறம்தான் என் சிநேகிதியோட வக்கீலம்மா எனக்குப் போன் பண்ணினாங்க. அவ என்னைக் கூப்பிடச் சொல்லலையாம், இவங்களா கேஸ் பேப்பரைப் படிச்சுட்டுக் கூப்பிடுறாங்களாம். மேனேஜர் ஏற்கெனவே கோர்ட்டுல சாட்சி சொல்லிட்டான். சென்சார் வேலை செஞ்சுதுன்னு தனக்குத் தெரியும், அந்த டிக்தான் ஆதாரம்னு. "நீங்க வந்து உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை திரும்பக் கெடைக்கும். உங்க வேலை போகலாம்"னாங்க. வர்றேன்னேன்.

நியாயத்துக்காகப் போனேன்னு சொன்னா நான் பொய்க்காரி. அவளுக்காகப் போனேன்னு சொல்லவும் கூச்சமா இருக்குது, அவளுக்காகன்னா ஒன்பது வருஷத்துக்கு முந்தியே போயிருக்கணும். நான் அவனுக்காகப் போனேன். அவன் உக்காந்துக்கினு இருக்கிற அந்த ஒரு டிக்கை அடியிலேர்ந்து உருவணும்னு போனேன். என் வேலையும் சேந்து கவுந்தா கவுழட்டும். வக்கீலம்மாவாண்ட ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என் சாட்சி முடிஞ்சப்புறம் அவனை மறுபடி கூண்டுல ஏத்தணும், ஏத்தி, 'தெரியுமா, தோணுதா?'ன்னு கேக்கணும், அதே வார்த்தையில. அந்தம்மா என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, குறிச்சுக்கினாங்க.

சென்னையில கோர்ட்டு. அவ ரெண்டாவது வரிசையில உக்காந்துக்கினு இருந்தா, அவன் கடைசி வரிசையில. ஒயரைப் பாத்ததை நான் சொல்லி முடிச்சதும், கம்பெனி வக்கீல் அந்த அட்டையை நீட்டினார்.

"இந்த டிக் நீங்க போட்டதா?"

"ஆமாங்க. பொய் டிக். குச்சியை நீட்டல, பாக்கல. மூணு நாளும் பாக்கல. அதுக்கு முந்தி பாத்ததும் இல்ல."

பின்னால நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. அவன் நாற்காலிதான். திரும்பிப் பாக்க எவ்ளோ ஆசை எனக்கு!

"அப்போ பொய் டிக் போட்டவங்க இப்போ உண்மை பேசுறீங்கன்னு எப்படி நம்புறது?"

"டிக் போடும்போது நான் பாக்கலைங்க. ஒயரைப் பாக்கும்போது டிக் போடல. எதை நம்பணும்னு நீங்களே பாத்துக்கோங்க."

ஜட்ஜு தலை நிமிந்தார். கம்பெனி வக்கீல் அசரல. பழைய விசாரணைப் பேப்பரைப் பொறட்டினார்.

"உங்க சிநேகிதியை அன்னைக்கே இதைக் கேட்டிருக்காங்க. 'இன்ஸ்பெக்டர் சோதிக்காமல் டிக் போட்டாரா?' பதில், 'எனக்குத் தெரியாது.' பக்கத்துல நின்ன தொழிலாளிக்கே தெரியாதது, ஒன்பது வருஷம் கழிச்சு உங்களுக்கு எப்படி ஞாபகம் வந்துச்சு?"

நான் வெளிய பெஞ்சில உக்காந்துக்கினு இருந்தப்போ, உள்ள அவளை இதைத்தான் கேட்டிருக்கான். 'ஆமாம், அந்த இன்ஸ்பெக்டர் பாக்காமத்தான் போடுவா'ன்னு என் சிநேகிதி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அட்டை அன்னிக்கே குப்பை. கம்பெனி கையில வேற ஒண்ணும் இல்ல. தப்பிச்சிருப்பா.

"அவளுக்குத் தெரியும்"னேன்.

"அவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்த டிக் அவ பேனாவுல போட்டதுங்க. தினமும் காத்தால அவதான் பேனா குடுப்பா. குடுத்துட்டுப் பக்கத்துலயே நிப்பா."

அடுத்த வாய்தாவுல மேனேஜரை மறுபடி கூண்டுல ஏத்தினாங்க. லீவு போட்டுட்டுப் போய் முதல் வரிசையில உக்காந்தேன். டிக் போச்சு, வேற எதை வெச்சுச் சொல்றீங்கன்னு வக்கீலம்மா கேட்டாங்க. விபத்துக்கப்புறம் சோதிச்சப்போ வேலை செஞ்சுதுன்னான். எட்டே முக்காலுக்கு நீங்க அங்க இருந்தீங்களா? இல்ல. நடுவுல யாராவது ஒயரை எடுத்திருக்கலாமில்லையா? எடுத்திருக்கலாம். "அப்போ விபத்து நடந்தப்போ சென்சார் வேலை செஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தோணுதா?"

அவன் மூஞ்சியில ஈ ஆடல. என்னைப் பாத்தான். நான் கண்ணைச் சிமிட்டாம பாத்தேன். கைக்குட்டையை எடுத்து நெத்தியைத் தொடச்சுக்கினான்.

"தெரியாது."

கொஞ்சம் சத்தமா சொல்லுங்கன்னார் ஜட்ஜு. மறுபடியும் சொன்னான். ரெண்டு தடவை! சத்தியமா சொல்றேன், இனிச்சுது. அன்னிக்கு சென்ட்ரல் ஸ்டேஷன்ல நின்னுக்கினு ரெண்டு மசால் வடை வாங்கி நான் ஒருத்தியே தின்னேன்.

கம்பெனியில என்னை ராஜினாமா எழுதச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். தீர்ப்பு கொஞ்ச மாசத்துல வந்துச்சு. 'கவனக்குறைவு' ரத்து. அவளுக்கு வேலை திரும்ப, விரல் வேண்டாத வேலையா ஸ்டோர்ஸ்ல. கொஞ்ச நாள் கழிச்சு அவனும் வேற எங்கியோ போயிட்டான்னு கேள்விப்பட்டேன்.

அவ திரும்ப வேலைக்குப் போற முதல் நாள், அஞ்சே முக்காலுக்கே நான் கம்பெனி கேட்டாண்ட போய் நின்னேன். எனக்கு உள்ள வேலை இல்ல. அவளைப் பாக்கணும், ஒரு கேள்வி கேக்கணும். கோர்ட்டு வாசல்ல எத்தனையோ தடவை பக்கத்துல நின்னோம், கேக்க எனக்குத் தைரியம் வரல. வேன்லேர்ந்து எறங்கினா. புது யூனிபாரம். சட்டைப் பாக்கெட்டுல ஒரு பேனா.

"ஏன்டி அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னே?"

எதைக் கேக்கிறேன்னு அவளுக்கு உடனே புரிஞ்சுது.

"என் விரலு போயிடுச்சு. உன் வேலையும் போணுமா? அதான்." இடது கையால தலைமுடியை ஒதுக்கிக்கினா. "அதுவும் இல்லாம, நீ வெளிய பெஞ்சில உக்காந்துக்கினு இருந்தே. அடுத்து நீ உள்ள வருவே, ஒயரு இருந்துச்சு, எனக்குத் தெரியும்னு சொல்லிருவே, அது போதும், நான் எதுக்கு உன்னைக் காட்டிக் குடுக்கணும்னு இருந்தேன்."

"சொல்லுவேன்னு நெனச்சியா?"

"நெனப்பெல்லாம் இல்லடி. எனக்குத் தெரியும்னே இருந்தேன்."

சைரன் ஊதிச்சு. எல்லாரும் அவசர அவசரமா உள்ள போனாங்க. அவளும் ரெண்டு அடி வெச்சுட்டு, திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சா. கோவமே இல்லாத சிரிப்பு.

"தோணியிருக்குது, அவ்ளோதான்"னு சொல்லிட்டு உள்ள போனா.